கம்பு நட ஒருத்தி போதும்

அந்தச் சேற்றுத் திட்டில் இறங்குகிற பெண்கள் யாரும் கண்ணால் சிப்பி தேடுவதில்லை. முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் கண் என்னத்தைக் கிழிக்கும்? காலால்தான் தேடுவார்கள். குதிகாலைச் சேற்றில் ஊன்றி அரை வட்டம் திருப்பினால், உள்ளே படுத்திருக்கிற சிப்பியின் ஓடு காலில் தட்டும். நாலு தட்டினால் குனியலாம். இரண்டு தட்டினால் பேசாமல் நடையைக் கட்டலாம். ஒன்றுகூடத் தட்டவில்லையா, படகில் கிடக்கும் கம்புகளில் ஒன்றை எடுத்து வந்து அங்கே நட்டு, அதன் தலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். அப்புறம் அந்த இடத்தை யாரும் மிதிக்கக் கூடாது.

கம்புக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். நட ஒருத்தி போதும், பிடுங்க எல்லாரும் வர வேண்டும். நடுகிறவளைப் பார்த்து ஏன் நட்டாய், எதைக் கண்டாய், யார் சாட்சி என்று எவளும் கேட்க மாட்டாள். அவளுக்குச் சந்தேகம் வந்தது, நட்டாள், தீர்ந்தது. பிடுங்குவதற்குத்தான் அத்தனை பாடும். திட்டில் இறங்குகிற நாற்பத்திமூன்று பேரும் ஒரே நாளில் அந்த இடத்தைச் சுற்றி நின்று, ஆளுக்கு ஒரு தடவை குதிகாலைத் திருப்பிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாலும் கம்பு நிற்கும்.

இதை எவரும் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை. நம் கதைக்குரியவளுக்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். குதிகால்காரி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவள் காலுக்கு அப்படி ஒரு ராசி. ஒரு காலத்தில் அவளுக்கும் கட்டைக்குரலுக்கும் ஆகாது. கட்டைக்குரல் என்பவள் கரையில் நின்று இருமினாலே நடு ஆற்றில் படகு திரும்பும், அப்படித் தொண்டை. ஏதோ ஒரு வாய்ச்சண்டையில் அவள் நேராகப் போய், குதிகால்காரி வழக்கமாக நிற்கிற இடத்திலேயே ஒரு கம்பை நட்டுவிட்டாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன! ஆனாலும் சட்டம் சட்டம். ஏழு மாதம் குதிகால்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் காலை வைக்கவில்லை. பிடுங்குகிற அன்று பார்த்தால், இடம் கொள்ளாமல் சிப்பி. "பாத்தியா, உன் நல்லதுக்குத்தான் நட்டேன்" என்றாளே கட்டைக்குரல், அந்த நெஞ்சழுத்தத்தை என்ன சொல்ல! அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே கூடையில் தின்கிறவர்கள்.

மீன்வள ஆபீசின் காகிதம் ஒன்று ஒரு காலை நேரத்தில் படகுத்துறை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தது. பெண்களைத் திட்டுக்கு ஏற்றிப் போகிற படகுக்காரர் குதிகால்காரியின் புருஷன்தான். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். முகத்துவாரத்தில் சிப்பி வளம் அழியும் நிலையில் இருப்பதாக ஆய்வில் தெரிய வந்திருக்கிறதாம். உறுதியாகத் தெரியாவிட்டாலும் முன்னெச்சரிக்கை அவசியமாம். ஆகவே திட்டு முழுவதையும் ஐந்து வருஷம் மூட உத்தேசித்திருக்கிறார்களாம். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரலாமாம்.

"உத்தேசம்னா என்னங்க?" என்று கேட்டாள் கட்டைக்குரல்.

"மூடப் போறோம்னு அர்த்தம்."

"அப்போ கருத்து?"

"மூடினதுக்கு அப்புறம் நாம அழறது."

"என்னிக்கு அழணுமாம்?"

அவர் தேதியையும் நேரத்தையும் சொன்னார். பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். அந்த மாதத்திலேயே தண்ணீர் நன்றாக வற்றுகிற நாள், வற்றி அடங்குகிற நேரம். எவளும் கரையில் இருக்காத நாள் ஒன்று உண்டென்றால் அதுதான்.

"காலண்டரப் பாத்து நாள் வச்சிருக்காங்க. தண்ணியப் பாத்து வைக்கல" என்றாள் குதிகால்காரி. அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு கூச்சமும் வந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ஆய்வுப் படகில் போனவள் அவள் வீட்டுப் பெண்.

புருஷனின் தங்கை, அவளுக்கு நாத்தனார். வீட்டில் அவளுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர். ஆறு வயதிலேயே யார் வந்தார்கள், யார் எத்தனை தடவை சோறு வாங்கினார்கள் என்று சுவரில் கரியால் எழுதி வைப்பாள். குதிகால்காரி கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு எட்டு வயது, தாய் இல்லை. 'இவள் காலில் சேறு படக் கூடாது' என்று அன்றே ஒரு முடிவு எடுத்தாள் புது அண்ணி. எடுத்ததைச் செய்தும் காட்டினாள். லீவு நாளில்கூடப் படகுத்துறைப் பக்கம் விட்டதில்லை. தான் சேற்றில் நின்று நின்று கால் நகமெல்லாம் கறுத்துப் போனாலும், அவள் வெள்ளைச் சாக்ஸ் போட்டுப் படித்தாள், பட்டம் வாங்கினாள், மீன்வள ஆபீசில் தற்காலிகக் கள உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் நிரந்தரத்துக்கான இண்டர்வியூ. ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்த வெள்ளைப் படகு திட்டுப் பக்கம் பன்னிரண்டு நாள் சுற்றியதே, அதில் தொப்பி போட்டுக்கொண்டு நோட்டோடு நின்றவள் அவள்தான். குதிகால்காரி சேற்றில் நிமிர்ந்து நின்று, பக்கத்தில் இருந்தவளிடமெல்லாம், "நம்ம பாப்பா, பாரு, நம்ம பாப்பா!" என்று காட்டிக்கொண்டிருந்தாள். பெருமை தாங்கவில்லை. படகு எங்கெங்கே நிற்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்பில் அகலப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. மணல் போக மூன்று தண்ணீர் மாற்றிய சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. குதிகால்காரி ஓட்டைப் பிரித்துச் சதையைக் கிண்ணத்தில் போட, படகுக்காரர் வெங்காயம் அரிந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸ் பையோடு உள்ளே வந்தாள்.

"அந்த அறிக்கைய எடுத்துட்டு வரேன்னியே, எடுத்துட்டு வந்தியா?"

"பொதுமக்கள் பாக்கலாம்னு போட்டிருக்கு அண்ணி. ஆனா ஒரே ஒரு பிரதிதான். அதையும் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க. நான் முக்கியமான ரெண்டு பக்கம் மட்டும் நகல் எடுத்தேன்."

"பொதுமக்கள் பீரோவுக்குள்ள போய்ப் பாக்கணுமாக்கும்" என்றார் படகுக்காரர்.

ரிஜிஸ்டர் காகிதத்தைத் தரையில் விரித்தாள். ஒன்றில் கட்டம் கட்டமாக எண்கள். மற்றது வரைபடம். குதிகால்காரிக்கு எழுத்து கூட்டித்தான் வரும். ஆனால் ஆற்றின் வளைவைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் குனிந்தாள்.

"இது என்ன புள்ளி புள்ளியா?"

"அதுதான் அண்ணி நாங்க எண்ணின இடம். ஒரு மரச் சட்டத்தைச் சேத்துல வச்சு, அதுக்குள்ள தோண்டி எத்தனை சிப்பின்னு எண்ணுவோம். மொத்தம் இருபத்திநாலு இடம். பாதிக்கு மேல பூஜ்யம்."

குதிகால்காரியின் விரல் வளைவிலிருந்து புறப்பட்டது. பட்ட மரம் சாய்ந்து கிடக்கிற மூலை. அங்கே ஒரு புள்ளி. வாய்க்கால் பிரிகிற இடம், அங்கே இரண்டு. பழைய தூண் பக்கம் ஒன்று. விரல் நின்றது.

"பாப்பா, இது நான் நட்டது."

"எது அண்ணி?"

"இது கட்டைக்குரல் நட்டது. இது அந்த ஒத்தக்கண்ணாடிக்காரி. இது..." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "இந்த இடத்தையெல்லாம் யாரு காட்டினா?"

"நான்தான்!" என்றாள் ரிஜிஸ்டர். இன்னும் பெருமையாகத்தான் சொன்னாள். "சர்வே சார் கேட்டாரு, இவங்க எங்கெங்க சிப்பி எடுக்கறாங்கன்னு. ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. நான் சொன்னேன், சிவப்புத் துணி கட்டின கம்பு நிக்குதே, அடையாளத்துக்கு நட்டு வச்சிருக்காங்க, அதுதான் அவங்க இடம்னு. உள்ளூர் ஆள் இருந்தா எவ்வளவு நேரம் மிச்சம் பாருன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாரு."

படகுக்காரர் கையில் கத்தி அப்படியே நின்றது. அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"அடிப்பாவி" என்றாள் குதிகால்காரி, மெதுவாக. "அது எடுக்கற இடம் இல்லடி. எடுக்கக் கூடாத இடம். ஊருல நல்லா நடமாடறவங்களையெல்லாம் விட்டுட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கறவங்கள மட்டும் எண்ணிட்டு வந்து, ஊரே நோயாளின்னு எழுதிக் குடுத்திருக்கே."

ரிஜிஸ்டர் காகிதத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதே அண்ணி."

"இந்த வீட்டுல பொறந்துட்டு இது தெரியாதா?"

"யாரு சொன்னா எனக்கு? சொல்லுங்க. யாரு சொன்னா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வரேன்னு கெஞ்சியிருக்கேன். சேறு படக் கூடாது, போய்ப் படின்னு விரட்டினது யாரு?" அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது பரவாயில்லை.

குதிகால்காரி பதினெட்டு வருஷமாக நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய விஷயம் அது. அதுவே திரும்பி வந்து முகத்தில் அறைந்தால் மனுஷி என்ன செய்வாள்? எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

படகுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இங்க பாரு, அடுத்த மாசம் பாப்பாவுக்கு இண்டர்வியூ. இது வெளிய வந்துச்சுன்னா வேலை போச்சு. கூட்டத்துல மூடாதீங்கன்னு பொதுவா சொல்லிட்டு வந்துடுவோம். கம்பு விஷயத்த எடுக்காத."

"பொதுவா சொன்னா எடுபடுமாங்க? அவங்க கையில எண்ணு இருக்கு."

"எடுபடலன்னா எடுபடல."

"நாப்பத்திமூணு வீடு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே தினம் ஏத்திட்டுப் போறேன்" என்றார் அவர். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் குதிகால்காரி திட்டில் தனியாக ஒதுங்கியே சிப்பி எடுத்தாள். மூன்றாம் நாள் காலையிலிருந்தே தூறல். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம், சிவப்புத் துணிகள் மட்டும் தனியாகத் தெரிந்தன. அவளை அறியாமலே எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தொன்று. நம்பாமல் மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்றுதான். கிழக்குப் பாதியில் மட்டும் இருபத்தாறு. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்பதோ பத்தோதான் இருக்கும்.

கட்டைக்குரலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டவள் கூடையைத் தூக்கிச் சேற்றில் அடித்தாள்.

"படிச்ச முட்டாள்! அவ கையில பேனாவைக் குடுத்தவன எதால அடிக்கறது? நம்ம கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்தா கொட்டிடும்?"

"அவளைத் திட்டாத. தப்பு என் மேல."

"உன் மேலயும்தான். நான் இல்லன்னு சொல்லலியே!" கட்டைக்குரல் மூச்சு வாங்கினாள். "இப்ப என்ன பண்ணப் போறே? நாத்தனாரக் காப்பாத்தறதா உத்தேசமா?"

"தெரியல. ஆனா இன்னொண்ணும் இருக்கு. கம்ப எண்ணிப் பாத்தியா?"

"எதுக்கு எண்ணணும்?"

"முப்பத்தொண்ணு. அவங்க எண்ணினபோது இருபத்திநாலு. அஞ்சு மாசத்துல ஏழு ஏறியிருக்கு. அவங்க கணக்கு தப்புதான், ஆனா பயம் தப்பு இல்ல. நமக்கே பயம் வந்துதானே நட்டிருக்கோம்?"

கட்டைக்குரல் கிழக்கே திரும்பித் தானும் எண்ணினாள். கடைசியில், "உண்மையச் சொல்றதுன்னா முழுசும் சொல்லு. நமக்கு வேண்டியதப் பாதி, அவங்களுக்கு வேண்டியதப் பாதின்னு நறுக்காத" என்றாள். "பேசாம மட்டும் இருந்தியோ, உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

கூட்டத்தன்று தண்ணீர் அந்த மாதத்திலேயே காணாத அளவுக்கு வற்றியது. திட்டு முழுக்க வெயிலில் பளபளத்துக்கொண்டு திறந்து கிடந்தது. அதில் ஒரு கால்கூட இல்லை. நாற்பத்திமூன்று பேரையும் படகுக்காரர் மூன்று நடையில் எதிர்க்கரைக்குக் கொண்டு சேர்த்தார். இப்படித் தண்ணீர் வற்றுகிற நாளை விட்டுவிட்டு வருவதென்றால் சும்மாவா! நல்ல புடவை உடுத்தி, தலை வாரி, வரிசையாக நகரத் தெருவில் அவர்கள் நடந்தபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

மண்டப வாசலில் இரண்டு மேஜை. ஒன்றில் 'ஆதரவு', இன்னொன்றில் 'ஆட்சேபணை'. பேனாவோடு ஒரு கிளார்க்.

"உங்களுக்கு எதும்மா?"

"ரெண்டும்" என்றாள் குதிகால்காரி.

"ரெண்டும் எழுத முடியாதும்மா. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"மூடணும்ங்கறதுக்கு ஆதரவு. மூடற விதத்துக்கு ஆட்சேபணை. இதுக்கு எந்த மேஜை?"

"அப்படி ஒரு மேஜை இல்லம்மா."

"அப்போ ரெண்டு நோட்டுலயும் எழுதுங்க. பேப்பர் தீந்துடாது" என்று பின்னாலிருந்து கட்டைக்குரல் முழங்கியதும், அவன் இரண்டிலும் எழுதிவிட்டான்.

மேடையில் மீன்வள ஆபீசின் பெரிய மேடம், பக்கத்தில் சர்வே சார், ஊழியர் வரிசையின் கடைசியில் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற நோட்டோடு ரிஜிஸ்டர். அண்ணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். குதிகால்காரி மைக்கின் முன்னால் நின்றாள். உள்ளங்கால் வேர்த்தது. சேற்றில் வேர்க்காத கால், சிமெண்டுத் தரையில் வேர்த்தது.

"மேடம், நீங்க எண்ணின இருபத்திநாலு இடமும் நாங்க ஓய்வுக்கு விட்ட இடம். கம்பு நட்டா அங்க காலே வைக்க மாட்டோம். அங்க சிப்பி இருக்காது. இருந்தா கம்பு எதுக்கு?"

கம்புச் சட்டத்தைச் சொன்னாள். அவள் பேசப் பேச பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தாள். சர்வே சாருக்குக் காது சிவந்தது.

"ஒரு நிமிஷம். நாங்க இஷ்டத்துக்கு இடம் எடுக்கல. உள்ளூர் நிலவரம் தெரிஞ்சவங்க காட்டித்தான் எடுத்தோம். அந்தத் தகவல் தப்புன்னா, தப்பாச் சொன்னது யாருன்னு இந்தம்மாவே சொல்லட்டும்."

குதிகால்காரி கடைசி நாற்காலியின் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

"யாரு சொன்னாங்கன்னு கேக்காதீங்க சார். யாரைக் கேக்கலன்னு கேளுங்க. பன்னிரண்டு நாள் எங்க முன்னாலதான் படகுல சுத்தினீங்க. நாங்க நாப்பத்திமூணு பேரு கூப்பிடற தூரத்துலதான் நின்னோம். ஒரு வாட்டி குரல் குடுத்திருந்தா போதுமே."

பெண்கள் கை தட்டினார்கள். மூன்று நிமிஷம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். "அப்போ ஆதாரம் இல்லன்னு குறிப்புல எழுதிக்கோம்மா" என்று சர்வே சார் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

ரிஜிஸ்டர் எழுதவில்லை. பேனாவை மூடினாள். நோட்டைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தாள். மேடையை விட்டு இறங்கி, மண்டபத்தின் ஓரமாகவே நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். "வேணாம். என் முறை வரட்டும்" என்றாள். ஆறு பேர் பேசி முடிக்கிற வரை நின்றாள். அந்த ஆறு பேர் என்ன பேசினார்கள் என்று குதிகால்காரியின் காதில் விழவே இல்லை. போய்விடு பாப்பா, திரும்பிப் போய் உட்கார்ந்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. போகாதே என்றும் அதே மனசு சொல்லிற்று.

முறை வந்தது.

"இடத்தக் காட்டினது நான்தான் மேடம். எங்க அண்ணி அந்தத் திட்டுலதான் சிப்பி எடுக்கறாங்க. அந்த வீட்டுல வளந்ததனால எனக்குத் தெரியும்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் நினைச்சேன். கம்பு எதுக்குன்னு கேக்கத் தோணல. என் வேலைத்தாள்ல இருபத்திநாலு இடத்துக்கும் நேரா 'கம்பு உள்ளது'ன்னு என் கையெழுத்துலயே இருக்கு. கம்பு இல்லாத இடம் ஒண்ணுகூட நாங்க எண்ணல. ஆதாரம் அதுதான்."

குதிகால்காரி அழுதாள். மண்டபம் நிறைந்த கூட்டத்தில், நல்ல புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று அழுதாள். வெள்ளைச் சாக்ஸ் போட்டு அனுப்பிய நாளிலும் பட்டம் வாங்கிய நாளிலும் அவளுக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

பெரிய மேடம் வேலைத்தாளை வரவழைத்துப் பார்த்தாள். சர்வே சாரும் எட்டிப் பார்த்தார். மேடம் குதிகால்காரியை மறுபடி மைக்குக்குக் கூப்பிட்டாள்.

"மறுபடியும் எண்ணுவோம், உங்களையும் வச்சுக்கிட்டு. ஆனா அதுக்கு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் என்ன பண்றது? சிப்பி நிஜமாவே குறையுதுன்னா, மூணு மாசம் திறந்து விட்டா யாரு பொறுப்பு? இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?"

குதிகால்காரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் ஏழு கம்பு ஏறியதை இந்த மண்டபத்தில் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லாவிட்டால் இவர்களுக்குத் தெரியவே போவதில்லை. கட்டைக்குரல் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறையுது மேடம். கிழக்குப் பாதியில குறையுது. எனக்குச் சந்தேகம் இருக்கு, நிச்சயம் இல்ல. நிச்சயம் வர்ற வரைக்கும் காத்திருந்தா அப்புறம் காப்பாத்த ஒண்ணும் இருக்காது. அதனால கிழக்குப் பாதி முழுசுக்கும் சேத்து நான் கம்பு நடறேன். இப்பவே, இங்க நின்னே நடறேன்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. திட்டின் பாதி! மேடம் நாற்பத்திரண்டு பெண்களின் பக்கம் திரும்பினாள். "இவங்க உங்க சார்பா இப்படிச் சொல்றாங்க. யாருக்காவது கேள்வி இருக்கா?"

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கிழக்கே மட்டும் இறங்குகிறவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இனி மேற்கே நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கூடை பாதிதான் நிறையும். அத்தனையும் தெரிந்துதான் பேசாமல் இருந்தார்கள்.

"நடறவளை நாங்க கேள்வி கேக்கறதில்ல" என்றாள் கட்டைக்குரல், மைக் இல்லாமலே.

"ஆனா பிடுங்கறதுக்கு எல்லாரும் வரணும்" என்றாள் குதிகால்காரி. "இனிமே நீங்களும் அதுல ஒரு ஆளு மேடம். எங்களை விட்டுட்டு நீங்க பிடுங்க முடியாது, உங்களை விட்டுட்டு நாங்களும் பிடுங்க மாட்டோம். அத ஆர்டர்ல எழுதுங்க. கூட்டம் போடறதுன்னா தண்ணி ஏறியிருக்கற நேரமாப் போடுங்க. அறிக்கைய பீரோவுல வைக்காதீங்க, டீக்கடையில வைங்க."

மேடம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதவும் செய்தாள்.

அடுத்த மாதம் நிரந்தரப் பட்டியல் வந்தது. அதில் ரிஜிஸ்டரின் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. படகுக்காரர் சுவரோடு பேசித் தீர்த்தார். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. புது ஆய்வுக்குச் சிப்பி எடுப்பவர்களில் மூன்று பேர் கூட வர வேண்டும், எழுதிக்கொள்ளும் ஆளையும் அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று.

திட்டின் நடுவில் நின்று, எழுதுகிற ஆளாக ரிஜிஸ்டரின் பெயரைச் சொன்னாள் குதிகால்காரி. ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாலும் கிடையாது என்று முன்னாலேயே பேச்சு. எல்லாரும் கட்டைக்குரலைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"அவளே எழுதட்டும். ஆனா எழுதினத அங்கயே, அப்பவே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிச்சுக் காட்டணும். சரி இல்லன்னா அடிச்சுட்டுத் திரும்ப எழுதணும்."

ஆய்வு தொடங்கிய அன்று ரிஜிஸ்டர் செருப்பைப் படகில் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். முழங்கால் வரை புதைந்து, தடுமாறி, விழப்பார்த்து, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் சிரித்தார்கள். சர்வே சார் முதல் கம்பின் அடியில் மரச் சட்டத்தைப் பதித்தார். தோண்டினார்கள், எண்ணினார்கள். அவள் நோட்டில் எழுதி முடிக்கிற வரை நாற்பத்திமூன்று பேரும் சுற்றி நின்றார்கள்.

"வாசி" என்றாள் கட்டைக்குரல்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி உரக்க வாசித்தாள்.

"இடம் எண் ஒன்று. கம்பு உள்ளது. சிப்பி இல்லை. காரணம், இந்த இடத்தை நாங்கள் விட்டு வைத்திருக்கிறோம்."